பொக்லைன் லாக் புக்கும் போர்க்குற்றமும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



பொக்லைன் வண்டிக்கு லாக் புக் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். இன்-பிளான்ட் ட்ரெயினிங் போய் வந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். எந்த சைட், என்ன வேலை, எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை லிட்டர் டீசல், ஆபரேட்டர் யார்... சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் நாலு கட்டத்தை நிரப்பி, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் அதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

அப்படிப்பட்ட ஒரு லாக் புக் சர்வதேச நீதிமன்றத்தில் சாட்சியாக வந்து நின்றது. வண்டி, யு.எல்.டி. 220 ரக லோடர். தேதி 1995 ஜூலை 17. இடம் பிரான்யேவோ. குழி தோண்டிய நேரம் எட்டரை மணி. அவ்வளவுதான். குழி எதற்கு என்று அதில் எழுதவில்லை.

எதற்கு என்று கண்டுபிடித்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நம் மலரில் வழக்கமாக லேசர், ரோபோ, ரசாயன உரம் என்று கட்டுரை வரும். இதென்னடா போர்க்குற்றம், இது பி.ஏ. வரலாறு படிக்கிறவங்க சமாச்சாரமாச்சே என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். இதில் சிவில் இருக்கிறது, மெக்கானிக்கல் இருக்கிறது, எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களிலும் சாட்சிக் கூண்டில் ஏறியவர்களிலும் நம்மைப் போல கைத்தொழில் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

போரே குற்றம்தானே?

முதலில் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். போர் என்றாலே கொலைதான், அதில் தனியாக என்ன போர்க்குற்றம் என்று நம் ஹாஸ்டலிலேயே வாதம் நடக்கும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. துப்பாக்கி ஏந்தி எதிரே நிற்கிற சிப்பாயைச் சுடுவது போர். அதே சிப்பாய் துப்பாக்கியைக் கீழே போட்டு, கையைத் தூக்கிச் சரணடைந்த பிறகு சுட்டால் அது குற்றம். காயம்பட்டவன், கைதி, ஆயுதம் எடுக்காத ஊர்ஜனம், இவர்களைத் தொடக்கூடாது. 1949இல் கையெழுத்தான நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களின் சாரம் இதுதான். இதற்கு மேலே இரண்டு பெரிய குற்றங்கள் உண்டு. பொதுமக்கள் மீது திட்டமிட்டு, பரவலாக நடத்தும் கொடுமை மனித குலத்துக்கு எதிரான குற்றம். ஓர் இனத்தையோ மதப் பிரிவையோ அழித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது இனப்படுகொலை. இந்த "எண்ணத்தோடு" என்ற வார்த்தையை நிரூபிப்பதுதான் வக்கீல்களுக்குப் பெரிய தலைவலி.

"மேலதிகாரி சொன்னார், நான் செய்தேன்" என்ற பதில் எடுபடுமா? இரண்டாம் உலகப்போர் முடிந்து 1945-46இல் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் நாஜித் தலைவர்களை விசாரித்தபோதே எடுபடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் ஏறத்தாழ ஐம்பது வருஷம் இந்தச் சட்டம் புத்தகத்திலேயே தூங்கியது. வியட்நாம், கம்போடியா என்று எத்தனையோ நடந்தும் சர்வதேச நீதிமன்றம் எதுவும் கூடவில்லை. மறுபடி எழுப்பியது யூகோஸ்லாவியா.

ஸ்ரெப்ரெனிட்சா

யூகோஸ்லாவியா உடைந்து போஸ்னியா தனி நாடானபோது, 1992இல் அங்கே போர் வெடித்தது. செர்பியர், குரோவேஷியர், போஸ்னிய முஸ்லிம்கள் மூவரும் கலந்து வாழ்ந்த நாடு அது. அரசியல் விவரத்துக்குள் போனால் மலர் முழுக்க நானே எழுத வேண்டி வரும், விட்டுவிடுகிறேன். ஸ்ரெப்ரெனிட்சா என்பது கிழக்கு போஸ்னியாவில் மலைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். சுற்றிலும் போஸ்னிய செர்பியப் படை. உள்ளே முஸ்லிம் மக்களும் அகதிகளும். 1993 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு சபை இந்த ஊரைப் "பாதுகாப்புப் பகுதி" என்று தீர்மானம் போட்டு அறிவித்தது. காவலுக்கு ஐ.நா. தொப்பி போட்ட சிப்பாய்கள் வந்தார்கள். 1995இல் அங்கே இருந்தது நெதர்லாந்துப் படை. பக்கத்து ஊரான பொட்டோச்சாரியில் ஒரு பழைய பாட்டரி தொழிற்சாலைதான் அவர்களுடைய முகாம்.

1995 ஜூலை 11ஆம் தேதி ஜெனரல் ராட்கோ மிலாடிச்சின் படை ஊருக்குள் நுழைந்தது. பாதுகாப்புப் பகுதி என்ற தீர்மானம் காகிதத்தோடு நின்றது. அடுத்த இரண்டு நாளில் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் சுமார் 25,000 பேரை பஸ்களிலும் லாரிகளிலும் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். ஆண்களைத் தனியாகப் பிரித்தார்கள். ஏற்கனவே ஆயிரக்கணக்கான ஆண்கள் காட்டு வழியாகத் துஸ்லா நகரத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி வழியில் பிடிபட்டது. பிடிபட்டவர்களைப் பள்ளிக்கூடம், கிடங்கு, கலாச்சார மண்டபம் என்று கிடைத்த கட்டடத்தில் அடைத்தார்கள். பிறகு ஒரு சில நாட்களுக்குள், கிராவிட்சா கிடங்கு, ஒராஹோவாட்ஸ், பெட்கோவ்ட்சி அணைக்கட்டு, கோஸ்லுக், பிரான்யேவோ ராணுவப் பண்ணை என்று பல இடங்களில் சுட்டுக் கொன்றார்கள். பொட்டோச்சாரி நினைவிடத்தில் இன்று செதுக்கியிருக்கும் எண் 8,372.

எட்டாயிரம் பேரைக் கொல்வதற்கு வெறும் கோபம் போதாது, நண்பர்களே. பஸ் வேண்டும், பஸ்ஸுக்கு டீசல் வேண்டும், டிரைவர் வேண்டும், கண்ணைக் கட்டத் துணி வேண்டும், கையைக் கட்டக் கம்பி வேண்டும், காவலுக்கு ஷிப்டு போட வேண்டும், புதைக்க பொக்லைன் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் இண்டென்ட் போட்டிருப்பார், யாரோ ஒருவர் சாங்ஷன் செய்திருப்பார், யாரோ ஒருவர் எழுதி வைத்திருப்பார். செய்தவர்கள் யோசிக்காத இடம் இதுதான்.

ஆயிரம் பேர் எங்கே?

ட்ராஷென் எர்டெமோவிச் என்று ஒரு சிப்பாய். அப்போது வயது 23. படித்தது பூட்டு வேலை, நம்ம ஊர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். செர்பியரும் இல்லை, குரோவேஷியர். பிழைப்புக்காக செர்பியப் படையில் சேர்ந்தவர். 1996இல் இவர் தானாகவே பத்திரிகைக்காரர்களிடம் வாய் திறந்தார். அப்புறம் நெதர்லாந்தில் ஹேக் நகரத்தில் இருந்த யூகோஸ்லாவியா குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார். (1993இல் பாதுகாப்பு சபை அமைத்த நீதிமன்றம் இது. 2017 கடைசியில் வேலையை முடித்து மூடப்பட்டது.)

அவர் சொன்னது: 1995 ஜூலை 16, பிரான்யேவோ பண்ணை. பஸ் பஸ்ஸாகக் கைதிகள் வந்தார்கள். பத்துப் பத்துப் பேராக இறக்கி நிறுத்தினோம். காலையில் தொடங்கி பிற்பகல் வரை சுட்டோம். மொத்தம் சுமார் 1,200 பேர் இருக்கும். என் கையால் எழுபது பேர் இருக்கலாம்.

அந்தப் பண்ணையில் அப்படி ஒன்று நடந்தது என்பதே இவர் சொல்லித்தான் விசாரணையாளர்களுக்குத் தெரிந்தது. உடனே 1996 செப்டம்பரில் போய்த் தோண்டினார்கள். கிடைத்தது 132 பேரின் உடல்கள்.

1,200 எங்கே, 132 எங்கே! இவர் பொய் சொல்கிறாரா? அல்லது கணக்குத் தப்பா? எதிர்த் தரப்பு வக்கீலுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? இந்த இடத்தில்தான் நம்ம பாடங்கள் உள்ளே வருகின்றன.

அமெரிக்கா வானத்திலிருந்து எடுத்த படங்கள் இருந்தன. அவற்றில் சிலவற்றை 1995 ஆகஸ்டிலேயே அமெரிக்கத் தூதர் மேடலின் ஆல்பிரைட் பாதுகாப்பு சபையில் காட்டியிருந்தார். புதிதாகப் புரட்டிய மண் மேலிருந்து பார்த்தால் தனி நிறமாகத் தெரியும். சர்வே கேம்ப் போன சிவில் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூலை 17ஆம் தேதி எடுத்த படத்தில் பிரான்யேவோவில் உடல்கள் கிடக்கின்றன, ஒரு பொக்லைன் தோண்டிக்கொண்டிருக்கிறது. சரி. செப்டம்பர் 27ஆம் தேதி எடுத்த படத்தைப் பார்த்தால், அதே இடத்தில் மறுபடியும் பொக்லைனும் லோடரும் நிற்கின்றன! புதைத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆன பிறகு அங்கே என்ன வேலை?

உடல்களைத் தோண்டி எடுத்து, லாரியில் ஏற்றி, எங்கோ தொலைவில் மலைப்பாதை ஓரமாக மறுபடி புதைத்திருக்கிறார்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இந்த வேலை நடந்திருக்கிறது. முதல் குழி, இரண்டாம் குழி என்று விசாரணையாளர்கள் பெயர் வைத்தார்கள். ஒரே சாலையில் வரிசையாகப் பல இரண்டாம் குழிகள். எந்த இரண்டாம் குழி எந்த முதல் குழியிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது?

மண்ணும் கண்ணாடியும்

மண்ணை லேப்பில் பார்த்தார்கள். சாயில் மெக்கானிக்ஸில் நாம் சல்லடை போட்டுச் சலித்து, பெயர் எழுதி, ரெக்கார்டில் கிராஃப் போட்டு மறந்துவிடுகிறோமே, அந்த மாதிரி மண்ணின் தன்மையையும் அதில் கலந்த மகரந்தத் தூளையும் ஒப்பிட்டார்கள். உடலோடு சேர்ந்து முதல் குழியின் மண்ணும் வந்துவிடுகிறது அல்லவா! பக்கெட்டால் வாரினால் மண்ணைத் தனியாக, மனிதனைத் தனியாக வார முடியாதே.

எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது கோஸ்லுக் விஷயம். அங்கே உடல்களைப் புதைத்த இடம் ஒரு பாட்டில் கம்பெனி குப்பை கொட்டிய இடம். உடைந்த பச்சைக் கண்ணாடியும் பாட்டில் லேபிளும் மண்டிக் கிடந்தன. பல கிலோமீட்டர் தள்ளி, கண்ணாடிக்கே சம்பந்தமில்லாத ஒரு மலைப்பாதைக் குழியைத் தோண்டினால் உள்ளே அதே பச்சைக் கண்ணாடி, அதே லேபிள். கிராவிட்சா கிடங்கில் கொல்லப்பட்டவர்களைப் புதைத்த குழியில், கிடங்கின் கதவுச் சட்டமும் காரைத் துண்டும் கிடந்தன. சுவரோடு சேர்த்து வாரியிருக்கிறார்கள்.

தோட்டா உறைகளையும் விடவில்லை. ஒரு துப்பாக்கியின் ஃபயரிங் பின்னும் எக்ஸ்ட்ராக்டரும் பித்தளை உறையில் பதிக்கிற கீறல், வேறு துப்பாக்கி பதிப்பதுபோல இருக்காது. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் தெரியும். கொலை நடந்த இடத்து உறையும், இரண்டாம் குழியில் கிடைத்த உறையும் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவை என்று அமெரிக்க நிபுணர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

அடுத்தது கைக்கடிகாரம். சாவி கொடுக்கத் தேவையில்லாத சீக்கோ ஆட்டோமேட்டிக் வாட்ச் நம்ம வீட்டுப் பெரியவர்களிடமும் இருக்கும். உள்ளே அரைவட்டமாக ஒரு எடை இருக்கும். கை அசையும்போது அது சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். கை அசையவில்லை என்றால், ஓரிரு நாளில் ஸ்பிரிங் தளர்ந்து வாட்ச் நின்றுவிடும். நின்ற வாட்சின் சின்ன ஜன்னலில் கிழமையும் தேதியும் தெரியும். குழிகளில் இப்படி வாட்சுகள் கிடைத்தன. அவை ஜூலை நடுவில் நின்றிருந்தன. போரில் பல மாதமாக அங்கங்கே செத்தவர்களை ஒன்றாகப் புதைத்தோம் என்று சொன்னால், வாட்சு ஒத்துக்கொள்ளவில்லை.

சண்டையில் செத்தவர்கள் என்ற வாதமும் நிற்கவில்லை. கண்ணைக் கட்டிய துணிகள் பத்து இடங்களில் குறைந்தது 448 கிடைத்தன. கையைக் கட்டிய கட்டுகள் பதின்மூன்று இடங்களில் குறைந்தது 423. பெரும்பாலும் கம்பிக் கட்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு யாராவது சண்டை போடுவார்களா?

காற்றில் போன பேச்சு

எலக்ட்ரானிக்ஸ் பிரிவினர் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பங்கு இதோ. போஸ்னிய செர்பியப் படை தங்களுக்குள் பேச ரேடியோ ரிலே கருவிகளை வைத்திருந்தது. ஒரு மலை உச்சியிலிருந்து இன்னொரு உச்சிக்கு நேர்கோட்டில் போகிற சிக்னல். அதை யாரும் கேட்க முடியாது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஆன்டெனா எவ்வளவு திசை பார்த்து அனுப்பினாலும் சிக்னல் கொஞ்சம் பக்கவாட்டில் சிதறத்தானே செய்யும்! எதிர்த்தரப்பான போஸ்னியப் படையினர் வேறு மலைகளில் ஆன்டெனா வைத்து, இரவு பகலாக உட்கார்ந்து ஒட்டுக் கேட்டார்கள். டேப்பில் பதிவு செய்து, ரீவைண்ட் செய்து செய்து கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதினார்கள். காசெட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால் அதே டேப்பில் மறுபடி பதிவு. கடைசியில் மிஞ்சியது பெரும்பாலும் நோட்டுப் புத்தகங்கள்தான்.

"எதிரி கைப்பட எழுதிய நோட்டை எப்படி நம்புவது?" நியாயமான கேள்வி. விடை 1998இல் கிடைத்தது. நீதிமன்ற விசாரணையாளர்கள் ஸ்வோர்னிக் நகரில் இருந்த செர்பியப் படைப்பிரிவின் அலுவலகத்தைச் சோதனையிட்டு, அங்கிருந்த ரெஜிஸ்டர்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜூலை 16ஆம் தேதி ஒட்டுக்கேட்ட நோட்டில் ஓர் உரையாடல்: லெப்டினன்ட் கர்னல் பொப்போவிச்சுக்கு 500 லிட்டர் டீசல் உடனே வேண்டும், இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். படைப்பிரிவின் டீசல் ரெஜிஸ்டரைப் புரட்டினால், அதே தேதி, அதே பெயர், அதே 500 லிட்டர்! ஒருவரோடொருவர் போரிட்டுக்கொண்டிருந்த இரண்டு தரப்பு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எழுதியது வரிக்கு வரி ஒத்துப்போனால் அதற்கு மேல் என்ன சொல்ல?

அதே ரெஜிஸ்டர்களோடு வந்ததுதான் முதலில் சொன்ன லோடரின் லாக் புக். பிரான்யேவோ, எட்டரை மணி நேரம். இன்னொரு ரெஜிஸ்டரில் அதே நாளில் பி.ஜி.எச். 700 பொக்லைனுக்கு 100 லிட்டர் டீசல். வானத்துப் படத்தில் அதே நாளில் தோண்டும் வண்டி. எர்டெமோவிச் சொன்ன கொலைக்கு மறுநாள். நாலு பக்கமும் பூட்டு விழுந்துவிட்டது.

அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைச் சொல்லாமல் விட முடியாது. படைப்பிரிவின் ராணுவப் போலீஸ் வருகைப் பதிவேட்டில் ஜூலை மாதம் சில பெயர்களுக்கு நேரே ஒராஹோவாட்ஸ் என்பதற்காக 'ஓ' என்று எழுதியிருந்தார்கள். பிறகு யாரோ அதை அழித்துவிட்டு, களப்பணி என்ற பொருளில் 'டி' என்று மாற்றியிருக்கிறார்கள். அழித்த இடம் பரிசோதனையில் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அட்டெண்டன்ஸில் திருத்தம் செய்வது நம் கல்லூரிக் கண்டுபிடிப்பு என்று நினைத்தவர்கள் மன்னிக்கவும்!

ஜூலை 15ஆம் தேதி பேச்சு ஒன்று நோட்டில் இருக்கிறது. கர்னல் பெயாரா, ஜெனரல் கிர்ஸ்திச்சிடம் ஆள் கேட்கிறார். இன்னும் 3,500 "பார்சல்" விநியோகம் செய்ய வேண்டியிருக்கிறது, வழி தெரியவில்லை என்கிறார். பார்சல் என்றால் மனிதர்கள் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எத்தனையோ எலும்பு, ரத்தம் பற்றிப் படித்தும் கலங்காதவன் இந்த ஒரு வார்த்தையில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பொருட்சான்றை நான் இவ்வளவு நேரம் நீட்டி முழக்கக் காரணம் உண்டு. வாக்குமூலம் மட்டும் போதாது. மொமிர் நிக்கோலிச் என்ற அதிகாரி 2003இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, தான் செய்யாத ஒன்றையும் சேர்த்து ஒப்புக்கொண்டார்! பேரம் படிய வேண்டும் என்பதற்காக அப்படிச் சொன்னதாகப் பிறகு அவரே சொன்னார். மனுஷன் பயத்தில் கூட்டியும் சொல்வான், குறைத்தும் சொல்வான். பச்சைக் கண்ணாடிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

யார் எவ்வளவு பொறுப்பு?

எர்டெமோவிச்சுக்கு வருவோம். சுட மாட்டேன் என்று முதலில் மறுத்தேன், பாவமாக இருந்தால் நீயும் அவர்களோடு போய் வரிசையில் நில் என்றார்கள், வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள் என்றார் அவர். அது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், தன் உயிருக்குப் பயந்து நிரபராதியைக் கொல்லலாமா? நீதிபதிகளே இதில் இரண்டாகப் பிரிந்தார்கள். 1997இல் அப்பீலில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், கட்டாயம் என்பது குற்றத்தை அழிக்காது, தண்டனையைக் குறைக்க மட்டும் காரணமாகலாம் என்று முடிவானது. முதலில் கொடுத்த 10 ஆண்டு, 1998இல் 5 ஆண்டானது. எழுபது உயிருக்கு ஐந்து வருஷமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பண்ணை வெளியே வந்திருக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. இதில் நான் இரண்டாவது கட்சி. ஆனால் அங்கே மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய் இதைச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஒராஹோவாட்ஸில் பொக்லைன் ஓட்டிய ஆபரேட்டர் ஒருவர் சாட்சியாக வந்தார். தோண்டச் சொன்னார்கள், தோண்டினேன். லாரியில் கைதிகள் வந்ததும் எஞ்சினை நிறுத்து, திரும்பி நில் என்றார்கள், நின்றேன். அப்புறம் மறுபடி தோண்டச் சொன்னார்கள். அவர் மீது ஹேக்கில் வழக்கு இல்லை.

வழக்கு வந்தது அவருக்கு மேலே. ட்ரகான் யோகிச், மேஜர், ஸ்வோர்னிக் படைப்பிரிவின் பொறியியல் பிரிவுத் தலைவர். நண்பர்களே, இவரைக் கொஞ்சம் கவனியுங்கள். இவர் யாரையும் சுடவில்லை. சுடச் சொல்லி உத்தரவும் போடவில்லை. ஒராஹோவாட்ஸ், கோஸ்லுக், பிரான்யேவோ மூன்று இடத்துக்கும் எந்த வண்டி போக வேண்டும், எந்த ஆபரேட்டர் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். இறந்தவர்களைப் புதைப்பது குற்றமா என்று கேட்டால், இல்லை. போர்க்களத்தில் பிணத்தைப் புதைப்பது படையின் கடமையும்கூட. ஆனால் அங்கே கொலை நடக்கிறது என்று தெரிந்தே, அந்தக் கொலைத் திட்டத்துக்கு வேண்டிய வண்டியையும் ஆளையும் அனுப்பியது உடந்தை என்றது நீதிமன்றம். 2005 ஜனவரியில் 9 ஆண்டு சிறை. 2007இல் அப்பீலிலும் அதே தண்டனை உறுதியானது.

தீர்ப்பு நின்றது "தெரிந்தே" என்ற வார்த்தையில். வண்டி அனுப்பியதற்காக அவரைத் தண்டிக்கவில்லை, எதற்கு என்று தெரிந்தும் அனுப்பியதற்காக. நாளைக்கு நாமும் ஏதோ ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக உட்கார்ந்து, இந்த வண்டியை அந்த சைட்டுக்கு அனுப்பு என்று சீட்டு எழுதப் போகிறவர்கள்தான். அதனால்தான் கேஸ் முழுவதிலும் எனக்கு இந்த ஆள் முக்கியமாகப் பட்டார்.

பெரிய தலைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெனரல் கிர்ஸ்திச்சுக்கு 2001இல் இனப்படுகொலைக் குற்றத்துக்காக 46 ஆண்டு. 2004இல் அப்பீலில் அது உடந்தை என்று மாறி 35 ஆண்டானது. அரசியல் தலைவர் கராட்ஜிச், படித்தது மனநல மருத்துவம். தாடி வளர்த்து, பெயர் மாற்றி, நாட்டு வைத்தியர் வேஷத்தில் பெல்கிரேடில் உலவியவரை 2008இல் பிடித்தார்கள். மிலாடிச் 2011இல் பிடிபட்டார். இருவருக்கும் ஆயுள் தண்டனை, ஒருவருக்கு 2019இலும் மற்றவருக்கு 2021இலும் அப்பீலில் முடிவானது. செர்பியத் தலைவர் மிலோசெவிச் தீர்ப்பு வருவதற்கு முன்பே 2006இல் சிறை அறையில் இறந்துபோனார். மொத்தம் 161 பேர் மீது வழக்கு. ஒருவர்கூடத் தலைமறைவாக மிஞ்சவில்லை.

தோற்றவர்களை மட்டும்தானே தண்டிக்கிறார்கள் என்று செர்பியாவில் இன்றும் பலர் சொல்கிறார்கள். பெரும்பாலான வழக்கு செர்பியர்கள் மீதுதான், உண்மை. ஆனால் குரோவேஷியர்களும் முஸ்லிம்களும்கூடக் கூண்டில் நின்றார்கள். ஸ்ரெப்ரெனிட்சாவைப் பாதுகாத்த முஸ்லிம் தளபதி நாசெர் ஓரிச்சுக்கே 2006இல் 2 ஆண்டு தண்டனை கிடைத்து, 2008இல் அப்பீலில் விடுதலையானார்.

காவல் காத்தவர்களின் பொறுப்பு? நெதர்லாந்து முகாமில் ஐ.நா. படைக்கு எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் இருந்தார். படையோடு சேர்ந்து வெளியேற அவருக்கு உரிமை இருந்தது. அப்படியும் முகாமை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அவர் திரும்பி வரவில்லை. குடும்பத்தார் விடாமல் வழக்கு நடத்தினார்கள். 2013இல் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம், அவர் உட்பட மூன்று பேரின் சாவுக்கு அரசு பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 2019இல், முகாமுக்குள் இருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 350 ஆண்கள் விஷயத்தில் பத்து சதவீதப் பொறுப்பு என்றது. பொறுப்பில் பத்து சதவீதமா! கேட்கவே விநோதமாக இருக்கிறது. உள்ளேயே வைத்திருந்தாலும் அவர்கள் தப்பித்திருக்க அவ்வளவுதான் வாய்ப்பு என்று கணக்குப் போட்டார்களாம்.

இதற்கப்புறம் எல்லா நாட்டுக்கும் பொதுவாக, 1998இல் ரோம் நகரில் ஒப்பந்தம் போட்டு, 2002இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தொடங்கினார்கள். அதுவும் ஹேக்கில்தான். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, நம் இந்தியா யாரும் உறுப்பினர் இல்லை. 2023இல் ரஷ்ய அதிபர் புதினுக்கும், 2024இல் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்கும் பிடிவாரண்ட் போட்டார்கள். ஆனால் கோர்ட்டுக்கென்று சொந்தமாக ஒரு கான்ஸ்டபிள்கூடக் கிடையாது, உறுப்பு நாடு பிடித்துக் கொடுத்தால்தான் உண்டு. மிலாடிச்சே பதினாறு வருஷம் வெளியே இருந்தவர்தான். உடனே எதுவும் நடக்காது. ஆனால் சாட்சியத்தை உடனே சேர்க்காவிட்டால் பதினாறு வருஷம் கழித்துப் பிடித்தும் பயனில்லை.

ஸ்ரெப்ரெனிட்சாவில் இன்னும் வேலை முடியவில்லை. பொக்லைன் பக்கெட் உடல்களை முழுசாக வாரவில்லை, துண்டு துண்டாக்கிவிட்டது. ஒரே மனிதரின் எலும்புகள் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும் வெவ்வேறு குழிகளில் கிடைத்திருக்கின்றன. காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணையம் உறவினர்களின் ரத்தத்தை வாங்கி, எலும்பின் டி.என்.ஏ.வோடு பொருத்திப் பார்க்கிறது. முதல் பொருத்தம் 2001இல் கிடைத்தது. இதுவரை ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது. சுமார் ஆயிரம் பேர் பாக்கி.

ஒவ்வொரு ஜூலை 11ஆம் தேதியும், அந்த வருஷம் அடையாளம் தெரிந்தவர்களைப் பொட்டோச்சாரியில் அடக்கம் செய்கிறார்கள். எதிரே அந்தப் பழைய பாட்டரி தொழிற்சாலை இன்றும் நிற்கிறது. லேபிலிருந்து வீட்டுக்குத் தகவல் வரும்போது, சில சமயம் கிடைத்திருப்பது இரண்டு மூன்று எலும்பு மட்டும்தான். இதையே அடக்கம் செய்துவிடலாமா, இன்னொரு குழி கிடைக்கும் வரை காத்திருக்கலாமா என்று அந்தத் தாயிடம் கேட்பார்கள். சிலர் சரி என்று அடக்கம் செய்தார்கள். சில வருஷம் கழித்து இன்னும் கொஞ்சம் எலும்பு கிடைத்தது என்று தகவல் வந்து, கல்லறையை மறுபடி திறந்து உள்ளே சேர்த்தார்கள். சிலர் காத்திருந்தார்கள், அவர்களில் பலர் காத்திருந்தபடியே இறந்துபோனார்கள்.